லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் கருத்துச் சீட்டுகள்

தலைமை நூலகர் எந்த மாநாட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். ஒரு யோசனையையாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். அதனால் அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பெயரே 'மாநாடு' என்று ஆகிவிட்டது. ஒரு மாநாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழக நூலகத்துக்குள் தொட்டிச் செடிகள் வந்தன. அந்தச் செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர் ஒரு மாடி கீழே இறங்கி, சட்டப் புத்தகங்களை எல்லாம் உப்ப வைத்தது. இன்னொரு மாநாட்டுக்குப் பிறகு ஊழியர்கள் எல்லோரும் ரப்பர் செருப்பு போட வேண்டும் என்றார். சத்தம் வராதாம். யார் பின்னால் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாமல் ஆளாளுக்குத் திடுக்கிட்டு அலறியதில், இருந்த அமைதியும் போனது.

இந்த முறை அவர் கொண்டு வந்தது, வாசகர் கருத்து.

"மேடம், நம்மகிட்ட கருத்துப் பெட்டி ஒண்ணு இருக்குமே?" என்று துணை நூலகரிடம் கேட்டார்.

"இருக்கு சார். வாசல்ல, குடை வைக்கிற ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

"கடைசியா எப்போ திறந்தீங்க?"

துணை நூலகர் கவுண்டரில் இருந்த முத்திரை அண்ணனைப் பார்த்தார். புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும் வேலையை மெஷின் பறித்துக்கொண்டு எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. முத்திரை அண்ணன் கூரையைப் பார்த்தார்.

பெட்டியைத் திறந்தபோது பபிள்கம் சுற்றிய காகிதங்கள், ஒற்றைக் கம்மல், யாரோ யாருக்கோ எழுதி, தபால்பெட்டி என்று நினைத்தோ தைரியம் இல்லாமலோ இதில் போட்ட காதல் கடிதம் என்று பலதும் கொட்டின. கருத்து என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. வாசிப்பு அறையில் ஒரு நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, சரிசெய்யவும் என்று எழுதியிருந்தது. அந்த நாற்காலியை ஏலத்தில் விட்டாகிவிட்டது. அதை ஏலத்தில் எடுத்த கடையே இப்போது இல்லை.

தலைமை நூலகர் சளைக்கவில்லை. பருவத்தின் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. வாசகர்களின் கருத்தைக் கேட்டீர்களா, கேட்டு என்ன செய்தீர்கள் என்று அவர்கள் துருவுவார்கள். எனவே இனி வாரத்துக்கு ஒரு முறை பெட்டி திறக்கப்படும். வந்த ஒவ்வொரு சீட்டும் வாசலில் ஒரு பலகையில் ஒட்டப்படும், அதன் பக்கத்திலேயே பதிலும் ஒட்டப்படும். எந்தச் சீட்டையும் மறைக்கக் கூடாது. பதிலின் கீழே 'நூலக நிர்வாகம்' என்று மட்டும் இருக்கும். அந்த நிர்வாகமாக யார் உட்கார்ந்து எழுதுவது என்ற கேள்வி வந்ததும், அங்கிருந்த இன்னொரு துணை நூலகருக்குச் சட்டென்று முதுகுவலி ஞாபகம் வந்து மருத்துவ விடுப்பில் போய்விட்டார். மிச்சம் இருந்தது நம் துணை நூலகர்தான்.

முதல் வாரம் மூன்று சீட்டுகள் வந்தன. ஒன்றில் 'ஏசி' என்று மட்டும் இருந்தது. கூட்டச் சொல்கிறார்களா, குறைக்கச் சொல்கிறார்களா, அல்லது இருப்பதைச் சும்மா கவனித்து எழுதினார்களா என்று புரியவில்லை. இன்னொன்றில் 'நன்று'. மூன்றாவதில் துணை நூலகரின் முகத்தை யாரோ பேனாவால் வரைந்திருந்தார்கள். மூக்கு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் ஆள் அடையாளம் தெரிந்தது.

"இதுக்கு என்ன பதில் எழுதறது சார்?"

"நன்றின்னு எழுதுங்க மேடம்," என்றார் தலைமை நூலகர் சோர்வாக.

அதே சமயத்தில் துணை நூலகரின் வீட்டில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கணவர் புதிதாக ஓய்வு பெற்றிருந்தார். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் போய், லிஃப்டுகளின் சுவரில் காதை வைத்துக் கேட்டு, டார்ச் அடித்துக் கம்பியைப் பார்த்து, ஓடலாம் அல்லது ஓடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் மந்திரியாக இருந்தாலும் படியேறித்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இப்போது பரிசோதிக்க ஒன்றுமே இல்லை. எஞ்சியது குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் மட்டும்தான். ஒரு நாள் காலையில் அவர் அதன் அபாய மணி வேலை செய்கிறதா என்று சோதித்ததில், மூன்றாவது மாடிக்காரர்கள் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

கணவர் வேலையில் எவ்வளவு நுணுக்கமோ வீட்டில் அவ்வளவு சிக்கனம், பேச்சில். இரண்டே வார்த்தைகளில் குடும்பம் நடத்திவிட்டார். ஒன்று 'சரி', இன்னொன்று 'நல்லா இருக்கு'. வீட்டுக்கு வெள்ளை அடித்தால் நல்லா இருக்கு. மகள் படிக்கத் தேர்ந்தெடுத்த பாடமும் நல்லா இருக்கு. ஒரு நாள் துணை நூலகர் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றார். செய்தித்தாளில் இருந்து தலையை நிமிர்த்தாமலே, "நல்லா இருக்கு," என்றார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் துணை நூலகர் போனில் புலம்பினார். மகள் ஒரு வழி சொன்னாள்.

"உங்க லைப்ரரிக்கே கூட்டிட்டுப் போயேன்மா. ஊழியர் குடும்பத்துக்கு வாசகர் அட்டை உண்டுதானே?"

"உண்டு. ஆனா அங்க வந்து என் ரூமுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டா?"

"அப்பாவா? அவர் பத்து வார்த்தை பேசினா நான் லீவு போட்டு வந்து பார்க்கிறேன்."

அப்படித்தான் கணவர் நூலகத்துக்கு வந்தார். ஒரே ஒரு நிபந்தனை, இன்னாருடைய வீட்டுக்காரர் என்று அங்கே சொல்லிக்கொள்ளக் கூடாது. "சரி," என்றார். நூலகத்தில் அவரை யாருக்கும் தெரியாது. வேலைக் காலத்தில் அவர் பெரும்பாலும் வெளியூரிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் அலுவலக நிகழ்ச்சி எதற்கும் வந்ததில்லை. தினமும் மனைவி கிளம்பிப் போன பிறகு தனியாக வருவார், செய்தித்தாள் பிரிவில் உட்காருவார், மாலையில் தனியாகவே போய்விடுவார். சட்டைப் பையில் பழக்க தோஷத்தில் ஒரு சின்ன டார்ச் எப்போதும் இருக்கும்.

அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கட்டுச் சீட்டு. எல்லாம் ஒரே கையெழுத்து.

துணை நூலகர் முதல் சீட்டைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியாததா? அவர் கணவர் முற்றுப்புள்ளியை ஆணி அடிப்பதுபோலக் குத்துவார். காகிதத்தின் பின்பக்கத்தைத் தடவினால் ஒவ்வொரு வாக்கியமும் எங்கே முடிகிறது என்று விரலிலேயே தெரியும்.

'இடம்: நுழைவாயில். குறை: கருத்துப் பெட்டியின் பூட்டு வெறும் அலங்காரம். மூடியைச் சற்றே தூக்கினால் திறந்துகொள்கிறது. நான் திறந்து பார்த்தேன். உள்ளே என் சீட்டு மட்டுமே இருந்தது.'

'இடம்: இரண்டாம் மாடி, ஆண்கள் கழிவறை. குறை: கதவு மூடும்போது பீரங்கிச் சத்தம். படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, வெளியே வருவது யார் என்று பார்க்கிறார்கள். வருபவருக்குச் சங்கடம்.'

'இடம்: குடிநீர் இயந்திரம். குறை: தண்ணீரில் லேசான துருச் சுவை. முதல் மிடறில் தெரியாது. இரண்டாம் மிடறில் தெரியும்.'

மூன்றாவதைப் படித்ததும் துணை நூலகருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டாம் மிடறில் துரு தெரிகிற நாக்கா இது? கல்யாணம் ஆனதிலிருந்து எதைச் சமைத்துப் போட்டாலும் ஒரே பதில் சொன்ன நாக்கு!

அன்று சாயங்காலம் அவர் பருப்பில் உப்பு போட்டார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல இன்னொரு முறையும் போட்டார். கணவர் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மனைவி.

"நல்லா இருக்கு."

நூலகத்தில் தலைமை நூலகர் அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். "யாரு மேடம் இவரு? தங்கமான ஆளு! இப்படி ஒருத்தர் போதும், குழு முன்னாடி நெஞ்சை நிமிர்த்திட்டு நிக்கலாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் சார் என்று மூன்றே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாததால் மறுநாள் சொல்வது கஷ்டமாயிற்று, அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டமாயிற்று. துணை நூலகர் கதவைச் சாத்திக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தார்.

'தங்கள் கருத்துக்கு நன்றி. பூட்டு மாற்றப்பட்டது. பெட்டியைத் திறந்து பார்த்ததைத் தாங்களாகவே ஒப்புக்கொண்டதற்கும் நன்றி. மறுபடி திறந்து பார்க்க வேண்டாம். நூலக நிர்வாகம்.'

'கழிவறைக் கதவுக்கு ரப்பர் பொருத்தப்பட்டது. இனி யாரும் கவனிக்கப்படாமல் வெளியே வரலாம். நூலக நிர்வாகம்.'

'குடிநீர் இயந்திரத்தின் வடிகட்டி மாற்றப்பட்டது. இவ்வளவு கூர்மையான நாக்கு படைத்தவரின் வீட்டார் மிகவும் எச்சரிக்கையாகச் சமைக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு எங்கள் அனுதாபம். நூலக நிர்வாகம்.'

பலகைக்கு முன்னால் மாணவர்கள் நின்று படித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் தாங்களும் எழுதத் தொடங்கினார்கள். ஜெராக்ஸ் மெஷின் எப்போதும் கடைசிப் பக்கத்தை விழுங்கிவிடுவது, பின்வரிசை அலமாரிகளில் விளக்கு எரியாதது என்று உருப்படியான விஷயங்கள் வெளியே வந்தன. துணை நூலகர் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, ஆளை விட்டுச் சரிசெய்து, பதில் எழுதினார். முடியாததை முடியாது என்றே எழுதினார். மூன்றாம் மாடியில் படுத்துத் தூங்கக் கட்டில் கேட்டவருக்கு, மேசைகளே அந்த வேலையை நன்றாகச் செய்து வருவதாகத் தெரிகிறது என்று பதில் போனது.

ஒரு நாள் சாப்பிடும்போது கணவர், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

"உங்க லைப்ரரியில பதில் எழுதுறது யாரு? உங்க பெரியவரா?"

துணை நூலகர் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். "ஏன் கேக்குறீங்க?"

"ரொம்ப நல்ல ஆளு. சொன்னதைச் சொன்னபடி புரிஞ்சுக்கிறார். கோபப்படாம, பேச்சை மாத்தாம பதில் சொல்றார். கொஞ்சம் நக்கல் உண்டு. ஆனா அழகா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். அதுவும் இன்னொரு ஆளைப் பற்றி! துணை நூலகருக்கு அந்த 'நல்ல ஆள்' மேல் பொறாமையே வந்துவிட்டது. அந்த ஆள் தானே என்று ஞாபகப்படுத்திக்கொண்ட பிறகும் பொறாமை சுத்தமாக இறங்கவில்லை.

"நீங்களும் ஏதாவது எழுதிப் போட்டீங்களா?" என்று தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"நானா?" என்றார் கணவர். கையைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

சரி, எத்தனை நாளைக்கு ஒளிக்கிறார் என்று பார்ப்போம் என்று மனைவியும் விட்டுவிட்டார்.

வம்பு மேசை வடிவில் வந்தது. முதல் மாடி வாசிப்பு அறையில் மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, மேசைகளைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் யாருக்கும் கண் கூசாது என்று கணவர் ஒரு சீட்டு எழுதினார். கூடவே அளவெடுத்து ஒரு படமும் வரைந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் தலைமை நூலகருக்குக் கை பரபரத்தது.

"இந்த வார லீவுலேயே திருப்பிடுவோம் மேடம்."

"சார், அங்க உட்கார்ந்து படிக்கிறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"கேட்டாச்சே! எழுத்துலேயே இருக்கே!"

"இது ஒருத்தர் எழுதினது சார்."

"அவரு ஒருத்தர் போதும் மேடம்."

திங்கட்கிழமை காலை மாணவர்கள் வந்து பார்த்தபோது வெயில் பிரச்சினை தீர்ந்திருந்தது. பிளக் பாயிண்டுகள் எல்லாம் தரையில் பதித்தவை. முன்பு மேசைகளின் அடியில் இருந்தவை, இப்போது நடுப் பாதையில் திறந்து கிடந்தன. ஆளாளுக்கு லேப்டாப் ஒயரைப் பாதையின் குறுக்கே இழுத்தார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் வந்தன. மத்தியானத்துக்குள் அந்த அறை மீன்பிடி வலை காயப்போட்ட இடம் மாதிரி ஆகிவிட்டது. மெக்கானிக்ஸ் பாடம் நடத்தும் இயற்பியல் பேராசிரியர் ஒரு ஒயரில் கால் தடுக்கி, முன்னால் போன மாணவரின் முதுகைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார். அந்த மாணவருக்கு அவர் தேர்வில் தேறாத மதிப்பெண் போட்டிருந்ததால், இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே விலகி நடந்தார்கள்.

கருத்துப் பெட்டி நிரம்பி வழிந்தது.

'மேசையைத் திருப்பிய மகானுபாவர் யார்? அவர் வீட்டு டிவியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க ஆசைப்படுகிறேன்.'

'வெயிலும் போச்சு, கரெண்டும் போச்சு.'

'யார் இந்த அறிவாளி? தரையில் இருக்கும் பிளக் தெரியாதவருக்கு வானத்தில் இருக்கும் சூரியன் மட்டும் தெரிந்ததா?'

எந்தச் சீட்டையும் மறைக்கக் கூடாது என்பது விதி. துணை நூலகர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டினார். மிக மோசமானவற்றை மட்டும் பலகையின் அடியில், முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒட்டினார். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, ஒன்று விடாமல் படித்தார். மனைவி தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"ம்."

நல்லா இருக்கு என்று கூட வரவில்லை. துணை நூலகர் பயந்தே போனார்.

மறுநாள் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு அந்தக் கையெழுத்தில் கிடந்தது. 'மேசை யோசனை என்னுடையது. வெயிலைப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை. பரிசோதனை செய்து பிழைத்தவன் செய்யக் கூடாத தவறு. மாணவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இனி எழுத மாட்டேன்.' முற்றுப்புள்ளிகள் காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. பின்பக்கத்தைத் தடவினால் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் நூலகத்துக்கு வரவில்லை. "பேப்பரை இங்கேயே படிச்சுக்கிறேன்," என்றார். சங்கத்துச் செயலாளர் துணை நூலகருக்கு போன் செய்து, சார் மறுபடியும் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு இறங்க மறுக்கிறார் என்று தகவல் சொன்னார். இந்தப் பக்கம் தலைமை நூலகர் வேறு தவித்தார். "டார்ச் சார் எங்க மேடம்? குழு வரப்போகுதே! எப்படியாவது தேடிப் பிடிங்க!" டார்ச்சும் கையுமாகச் சுற்றிவிட்டுப் பெட்டியில் சீட்டுப் போடுகிறவர் அவர்தான் என்று கண்டுபிடித்து, நூலக ஊழியர்கள் அவருக்கு அதற்குள் அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

துணை நூலகர் முதலில் மேசைகளின் விஷயத்தை எடுத்தார். இந்த முறை தலைமை நூலகரை எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் அறையின் படம் போட்ட ஒரு தாளை ஒட்டி, உங்கள் மேசை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே கோடு போடுங்கள் என்று எழுதி வைத்தார். சிலர் ராக்கெட் வரைந்தார்கள். ஒருவர் மேசையையே தூக்கிவிட்டு ஊஞ்சல் போட்டிருந்தார். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரி, சாய்வாகக் கோடு போட்டிருந்தார்கள். மேசையைப் பாதி மட்டும் திருப்பினால் போதும். வெயில் பக்கவாட்டில் போய்விடும், பிளக்கும் காலடியிலேயே இருக்கும். அப்படியே போட்டுப் பார்த்தார்கள். அறை வலை மாதிரி இருந்தது மாறி, மறுபடி அறை மாதிரி ஆனது.

பிறகு அவர் பதிலை எழுதினார். நாலு தடவை கிழித்துப் போட்டு, ஐந்தாவதாக எழுதியதைப் பலகையின் நட்டநடுவில் ஒட்டினார்.

வீட்டுக்கு வந்து, காய் நறுக்கிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். "அந்த போர்டுல ஏதோ பெரிய பதிலா ஒட்டியிருக்காங்க. ஒரே கூட்டம்."

"யாருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன, அதெல்லாம் படிச்சுட்டா இருக்கேன்?"

மறுநாள் மனைவிக்கு முன்னாலேயே கணவர் ஷூ போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

பதிலில் இப்படி இருந்தது: 'மேசையில் உட்காராத தாங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். மேசையில் உட்காராத நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். மேசையில் உட்காருபவர்களை யாருமே கேட்கவில்லை. கேட்க வேண்டியது எங்கள் வேலை, தங்கள் வேலை அல்ல. ஆகவே மன்னிப்பும் நாங்கள்தான் கேட்க வேண்டும். மேசைகள் இப்போது சரியாக இருக்கின்றன, வந்து பாருங்கள். தாங்கள் எழுதுவதை நிறுத்தினால் இந்தக் கட்டடத்தில் தண்ணீரை இரண்டாம் மிடறு வரை குடித்துப் பார்க்க வேறு ஆள் இல்லை. நூலக நிர்வாகம்.'

கணவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். பிறகு முதல் மாடிக்குப் போய், தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிளக் பாயிண்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மேடம், டார்ச் சார் திரும்ப வந்துட்டார்!" என்று முத்திரை அண்ணன் ஓடிவந்து சொன்னார். அன்று மாலை பெட்டியில் ஐந்து புதுச் சீட்டுகள் கிடந்தன. பின்பக்கம் எல்லாம் புடைப்பு புடைப்பாக இருந்தது.

மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர். தலைவர், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு மூத்த பேராசிரியை. எதைக் காட்டினாலும் "அப்புறம்?" என்று கேட்பவர். பலகையின் முன்னால் வந்து நின்றபோது, "எல்லாம் சரி. இதை எழுதின வாசகர் ஒருத்தரையாவது நாங்க பார்க்கணுமே," என்றார்.

தலைமை நூலகர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார். துணை நூலகர் தடுப்பதற்குள் செய்தித்தாள் பிரிவுக்குப் பாய்ந்து போய், கணவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

"எங்க மதிப்புக்குரிய வாசகர்!" என்று மேடையில் அறிவிப்பதுபோல அறிவித்தார்.

கணவர், குழுவுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். நிபந்தனை ஞாபகம் வந்து, முன்பின் தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கு இங்க கிடைக்கிற பதில் திருப்தியா இருக்கா?" என்று பேராசிரியை கேட்டார்.

"ரொம்ப."

"கொஞ்சம் விவரமாச் சொல்லலாமே?"

கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் நிறைய இடத்துல குறை எழுதிக் கொடுத்திருக்கேங்க. படிச்சுட்டு மடிச்சு உள்ள வச்சுடுவாங்க. இங்க எழுதுறவர் அப்படி இல்லை. நான் தப்புப் பண்ணப்பக்கூட என்னைக் கீழே விடலை. அவர் யாருன்னு தெரியாது. தெரிஞ்சா கையைப் பிடிச்சு நன்றி சொல்லுவேன். அவர் வீட்டுல இருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க."

தலைமை நூலகருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏன் சார் தெரியாது? இதோ நிக்கிறாங்களே, எங்க துணை நூலகர் மேடம்! ஒரு பதில் விடாம இவங்க எழுதினதுதான்!"

கணவர் திரும்பினார். வாய் பாதி திறந்தபடி நின்றது.

"நீயா?" என்றார்.

தலைமை நூலகர் அதிர்ந்துபோனார். "சார்! என்ன இது? அவங்க பெரிய பொறுப்புல இருக்கிறவங்க. மரியாதையாப் பேசுங்க!"

"பரவாயில்லை சார்," என்றார் துணை நூலகர். "வீட்டுலயும் அப்படித்தான்."

யாருக்கும் சிறிது நேரம் புரியவில்லை. முதலில் புரிந்தது முத்திரை அண்ணனுக்குத்தான். அவர் புத்தக ட்ராலிக்குப் பின்னால் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தார். பேராசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ, நீங்க காட்டின வாசகர் கருத்தெல்லாம் உங்க துணை நூலகரோட கணவர் எழுதி, அவங்களே பதில் போட்டதா?"

தலைமை நூலகர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ போய்விட்டது. "மேடம், சத்தியமா எனக்கு…" என்று ஆரம்பித்தார்.

துணை நூலகர் முன்னால் வந்தார். "சொல்லாம விட்டது என் தப்பு மேடம். ஆனா கொஞ்சம் கீழே குனிஞ்சு படிச்சுப் பாருங்க."

பேராசிரியை குனிந்தார். பலகையின் அடிப்பக்கத்தில் இருந்த டிவி சீட்டைப் படித்தார், கரெண்ட் சீட்டைப் படித்தார், அறிவாளி சீட்டை வாய்விட்டே படித்தார். படிக்கப் படிக்க, அடக்கிய சிரிப்பில் அவருடைய கண்ணாடிச் சங்கிலி ஆடத் தொடங்கியது. மேசைகளில் மாணவர்கள் கோடு போட்ட தாள்களையும், ஊஞ்சல் படம் உட்பட, ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இவ்வளவு பேர் இவரை இப்படித் திட்டியிருக்காங்க," என்றார் நிமிர்ந்து. "இது சொந்தக்காரங்க வேலையா இருக்க முடியாது. இருந்தாலும், இனிமே இவர் சீட்டுக்கு மட்டும் வேற யாராவது பதில் எழுதுங்க."

"நான் எழுதறேன்," என்றார் தலைமை நூலகர் அவசரமாக.

கணவரின் முகம் வாடிவிட்டது. அதை மனைவி மட்டும் கவனித்தார்.

குழு நல்ல அறிக்கையே கொடுத்தது. மேசைகளில் தாள் ஒட்டிக் கேட்கும் பழக்கத்தை மற்ற துறைகளும் பின்பற்றலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. தலைமை நூலகர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, பெரிதாக்கி, வாசலில் மாட்டினார். வாசகர் குழு ஒன்றும் அமைத்தார்கள். அதில் மாணவர்கள் ஆறு பேரும் டார்ச் சாரும் உண்டு. முதல் கூட்டத்திலேயே, டிவியைத் திருப்பி வைக்க ஆசைப்பட்டது தான்தான் என்று ஒரு மாணவி அவரிடம் ஒப்புக்கொண்டாள். அவர் கோபப்படாமல், கூட்டத்தில் தன் பக்கம் பேச அவளையே சேர்த்துக்கொண்டார்.

குழு வந்துபோன அன்று மாலை கணவனும் மனைவியும் முதல்முறையாகச் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

"பருப்புல அன்னைக்கு ரெண்டு தடவை உப்பு போட்டேன்," என்றார் மனைவி.

"தெரியும்."

"நல்லா இருக்குன்னீங்களே!"

"நீ கேட்ட மாதிரி கேட்டா வேற என்ன சொல்றது? கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு, இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டு எப்படி இருக்குன்னா? லிஃப்ட்டுக்குப் பயப்படாத ஆளு நான். அதுக்குப் பயப்படுவேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "அங்க எழுதிப் போட்டா யாரும் கோவிச்சுக்கலையே."

"யாரு சொன்னா கோவிச்சுக்கலைன்னு? உங்க முதல் கட்டுச் சீட்டையெல்லாம் அப்படியே கிழிச்சுக் குப்பையில போட இருந்தேன். ஒரு ராத்திரி வச்சிருந்து, காலையில கோபம் ஆறின பிறகுதான் பதில் எழுதினேன்."

கணவர் நின்று அவரைப் பார்த்தார். "அப்போ வீட்டுலயும் காலையில பதில் சொல்லு. நான் சாயங்காலமே சொல்லிடறேன்."

"சொல்லித்தான் பாருங்களேன்," என்றார் மனைவி. அது சம்மதமா மிரட்டலா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் சோபா வாங்கப் போனார்கள். கடைக்காரர் நீலத்தில் ஒன்றைக் காட்டினார். துணை நூலகருக்கு உடனே பிடித்துவிட்டது. பணத்தை எடுக்கப் பையைத் திறந்துகொண்டே, பேச்சுக்கு, "எப்படி இருக்கு?" என்றார்.

கணவர் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"வேண்டாம்," என்றார்.

"என்னது?"

"நல்லா இல்லை."

துணை நூலகர் பையை மூடினார். நீலத்துக்கு என்ன குறைச்சல் என்று கேட்டார். அவர் சொன்னார். இவர் மறுத்தார். கடைக்காரர் நடுவில் புகுந்து பழுப்பைக் காட்டினார், இருவரும் சேர்ந்து அவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். சோபா வாங்காமலே வெளியே வந்து, பஸ்ஸில் ஏறி, இரண்டு பேரும் வழி நெடுக வாதாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் நீலத்தின் பக்கம் பேசினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் துணை நூலகர் மகளுக்கு போன் போட்டார்.

"அப்பா இன்னைக்குக் கடையில எல்லார் முன்னாடியும் என்கூடச் சண்டை போட்டார்டி!"

"ஐயோ! ஏன்மா? என்ன ஆச்சு?"

"சோபா கலர் பிடிக்கலையாம்!"

"அம்மா, நீ அழறியா, சிரிக்கிறியா?"

அதற்குள் பக்கத்து அறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"கலர் மட்டும்னு சொல்லாதே. கைப்பிடியும் உயரம் ஜாஸ்தி."